பத்தாவது பெட்டிக்குக் கீழே நின்றவர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "குண்டு மேல இருக்காரா?" என்று யாராவது கேட்பதைக் கேட்டுவிட்டு, கிரேனின் அந்தச் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெருத்த உடம்பு எப்படி அடங்குகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டுதான் அந்தப் பெயரின் பூர்வீகம். கப்பலிலிருந்து இருபது டன் சரக்குப் பெட்டியைத் தூக்கி லாரியின் முதுகில் அவர் இறக்குகிற அழகு அப்படி. ஆடாது, அலுங்காது. லாரி ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துவிட்டு நிமிர்வதற்குள் பெட்டி ஏறியிருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. அவர் நிற்பார்.

கிரேன் வேலையில் தூக்கு, இறக்கு, இடம், வலம் என்று கீழேயிருந்து கையால் சைகை காட்ட ஒரே ஒரு ஆளைத்தான் நிறுத்தியிருப்பார்கள். வேறு யார் கையை ஆட்டினாலும் மேலே இருப்பவர் கண்டுகொள்ளக் கூடாது. ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு. கையைத் தூக்கி உள்ளங்கையை வெளியே காட்டினால் 'நிறுத்து'. அதை அதிகாரி காட்டினாலும் சரி, தரை பெருக்குகிறவர் காட்டினாலும் சரி, அந்த நொடியே நிறுத்த வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எல்லா கிரேன் ஓட்டுநர்களுக்கும் தெரிந்த விதிதான். மற்றவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதிவிட்டு மூலையில் போட்டுவைத்திருந்தார்கள். குண்டு அதை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்.

ஒருமுறை கேன்டீன்காரர் தூரத்தில் போன சிநேகிதரைக் கூப்பிடக் கையைத் தூக்கப்போய், பெட்டி அந்தரத்தில் ஆறு நிமிடம் நின்றது. கப்பல்காரர்கள் கத்தினார்கள். மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியில் வெளுத்து வாங்கினார். கேன்டீன்காரரே வாக்கி டாக்கியை வாங்கி, "நான் உங்களைக் கூப்பிடலைப்பா, அவனைக் கூப்பிட்டேன்" என்று சொல்லும்வரை பெட்டி இறங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மனுஷன் கிரேன் இருக்கிற பக்கம் வந்தால் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் நடப்பார்.

வீட்டிலும் இதே கதை. மனைவி சமையலறையிலிருந்து சோப்பு நுரைக் கையைத் தூக்கினால் தரை ஈரம் என்று அர்த்தம். இவர் படியிலேயே நின்றுவிடுவார். ஒருநாள் அவள் கை தூக்கியதை மறந்து மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் அங்கேயே நிற்கிறார். "உங்களைக் கட்டிக்கிட்டதுல இது ஒரு சௌகரியம்ங்க, எங்க விட்டுட்டுப் போனேனோ அங்கயே இருக்கீங்க" என்றாள்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவரைக் கூண்டிலிருந்து இறக்கினார்கள். அவரை மட்டுமல்ல, எல்லோரையும்தான். கிரேன்கள் அப்படியே நின்றன, கூண்டுகள் காலியாயின. இனி ஓட்டுநர்கள் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஏசி அறையில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தே பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பெட்டி. தேர்வு நடப்பதோ கணினிக்குள் கட்டிவைத்திருந்த ஒரு துறைமுகத்தில். தேர்வு அறைக்கும் வேலை அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரித் திரை, கிரேனை இயக்க ஒரே மாதிரிப் பிடிகள். இந்தப் பக்கம் தெரிவது பொய்க் கடல், அந்தப் பக்கம் நிஜக் கடல். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம். முதல் நாள் குண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். "சார், அது நிஜம் சார், இங்க வாங்க" என்று தேர்வு எடுக்கும் அதிகாரி ஓடிவந்து எழுப்பினாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். பாவம், அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதல் தடவை ஏழு பெட்டிதான் முடிந்தது. கூண்டில் இருந்தவரை, பெட்டி ஆடுவதை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, இடுப்பு சொல்லும். நாற்காலியில் இடுப்பு வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்பது. மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் வாசல் சாவடியில் உட்கார்ந்து லாரி எண்களைக் குறிக்கிற வேலை. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். ஒருவருக்குத் தொப்பைகூட விழுந்துவிட்டது. ஆனால் இந்த ஜென்மத்தில் இனி ஒரு பெட்டியைத் தூக்கி இறக்க முடியாது. அந்த நினைப்பு வந்தாலே அவருடைய வலது கை விரல்கள் இல்லாத பிடியைத் தேடின. சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பார்.

மனைவியின் தம்பி அதே துறைமுகத்தில் கீழே நின்று சைகை காட்டுகிறவன். அவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "மச்சான், அது வீடியோ கேம். அதுல நடக்கிற ஆளுங்க எல்லாம் பொம்மை. அவங்களைப் பார்க்காதீங்க. நீங்க பாட்டுக்கு இறக்கிக்கிட்டே போங்க" என்றான். மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், வேறொரு யோசனை சொன்னாள். அவள் வாராவாரம் பார்க்கிற அறிவியல் தொடர் ஒன்று ஞாயிறு சாயங்காலம் வரும். இந்த வாரக் கதை கணினிக்குள் கட்டிய உலகத்தைப் பற்றியதாம். அப்பா அதைப் பார்த்தால் அந்த மிஷின் எப்படி யோசிக்கும் என்று பிடிபட்டுவிடும். திங்கட்கிழமை காலையில் மூன்றாவது தேர்வு. சரி, இதுவும் ஒரு பயிற்சிதானே என்று குண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளின் பழைய நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், முந்நூறு பேர். ஒருவரும் மனிதர் இல்லை. வெள்ளம் வந்தால் ஜனங்கள் எப்படி ஓடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கம்பெனி கணினிக்குள் உண்டாக்கிய ஆட்கள். அது அவர்களுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் வெள்ளம் வரும், ஊர் முழுகும். மறுநாள் காலையில் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து கடை திறப்பார்கள். வெளியே ஓர் அறையில் ஒரு பெண் என்ஜினியர் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறாள். ஒருநாள், கடிகாரம் ரிப்பேர் செய்கிற கிழவர் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறிப் போய் உட்கார்ந்துகொள்கிறார். மறுநாள் இன்னும் சீக்கிரமே. அவருக்கு நேற்று ஞாபகம் இருக்கிறது. இருக்கக் கூடாது. அவரால் கணக்கெல்லாம் கெட்டுப்போகிறது, அந்த ஆளை அழித்துவிடு என்று மேலதிகாரி சொல்கிறார். அவள் பொத்தானில் விரலை வைக்கிறாள். கிழவர் மலையிலிருந்து திரும்பி, நேரே திரையைப் பார்த்து, ஒரு கையைத் தூக்குகிறார், உள்ளங்கை வெளியே. அவள் ஒரு கணம் தயங்குகிறாள், பிறகு அமுக்கிவிடுகிறாள். கிழவர் மறைகிறார். அப்போது அவளுடைய அறைக் கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வருகிறது. முடிந்தது.

குண்டுவின் நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'ஏன் நிறுத்தவில்லை?'

விஷயம் அது இல்லை என்றாள் மகள். அந்த என்ஜினியரும் இன்னொருத்தருடைய கணினிக்குள் இருக்கிறாள், அதுதான் கதை. அப்படியென்றால் பொத்தானை அமுக்கியது யார் என்று இவர் கேட்டார். அவள்தான். அவளே பொய் என்றால் அவள் அமுக்கியதும் பொய்தானே, கிழவர் எப்படிப் போனார்? மகள் மூன்று விதமாக விளக்கிப் பார்த்தாள். மூன்றாவது விளக்கத்தில் அவளுக்கே குழம்பிவிட்டது. மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எண்ணிவிட்டு வந்தவள், சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னாள்: "கதவுக்கு அடியில ஒரு சாக்கு போட்டிருந்தா தண்ணி வந்திருக்காது."

"ஆனா அவர் கை தூக்கினாரே" என்றார் குண்டு.

"அது டாட்டா காட்டினதுப்பா" என்றாள் மகள்.

இல்லை. இருபத்திமூன்று வருடமாக அவர் பார்த்த கை அது. அவருக்குத் தெரியாதா.

காலையில் சவரம் செய்யும்போதும் அந்தக் கை கண்ணாடியில் வந்து நின்றது. பஸ்ஸில் நடத்துநர் ஒருவரைப் படியிலேயே நிறுத்தக் கையைத் தூக்கினார். இவர் உள்ளே உட்கார்ந்தவர், முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தேர்வு அறையில் உட்கார்ந்ததும் மனசு அடங்கிவிட்டது. ஆச்சரியமாக, அன்றைக்குக் கை பேசியது. இடுப்பு சொல்லாததை நிழல் சொன்னது. பெட்டியின் நிழல் தரையில் ஆடுவதை வைத்தே ஆட்டத்தைப் பிடிக்கலாம் என்று தானாகப் பிடிபட்டுவிட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று பெட்டிகள் ஏறின. இருபத்தியோராவது நிமிடத்தில் ஒன்பதாவது பெட்டி உட்கார்ந்தது. பக்கத்தில் அந்த அதிகாரிப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தளர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் மூன்று பெட்டி, ஒன்பது நிமிடம். சும்மா இறக்கினாலே போதும்.

பத்தாவது பெட்டியை லாரிக்கு மேலே கொண்டுவந்தபோது, லாரியின் பக்கத்தில், பெட்டி இறங்கும்போது யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை, தலைக்கவசம். முகம் சரியாகத் தெரியவில்லை. அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கை வெளியே.

பெட்டி நின்றது. குண்டு நிறுத்தவில்லை, கை நிறுத்திவிட்டது.

அந்த ஆள் கையை இறக்கினார். குண்டு பிடியை லேசாக முன்னால் தள்ளினார். பெட்டி ஒரு முழம் இறங்கியது. ஆள் மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி நின்றது. இறக்கினார், தள்ளினார், தூக்கினார், நின்றது. குண்டு ஹாரன் அடித்தார். ஆள் நகரவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து, "கீழே யாரு? என்ன விஷயம்னு சொல்லுங்க" என்றார். உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் வந்தது.

பொம்மை என்று மைத்துனன் சொன்னது ஞாபகம் வந்தது. பொம்மைதான். பொம்மை என்றால் இறக்கலாம். ஆனால் பொம்மைக்கு எதற்கு இத்தனை சரியாக 'நிறுத்து' சைகை தெரிந்திருக்கிறது? இது தேர்வில் வைத்த கொக்கியா? நிற்கிறவருக்குத்தான் மார்க்கா, இறக்குகிறவருக்கா? இல்லை, தான் இன்றைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டோமா? திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரைப் போலவே ஒருவர் நாற்காலியில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிப் பெண்ணைப் பார்த்தார். தேர்வில் அவள் பேசக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆள் கையைத் தூக்கினார், இறக்கினார், தூக்கினார். ஒன்பது நிமிடமும் அப்படியே ஓடிப்போனது. மணி அடித்தது.

ஒன்பது பெட்டி. திரையில் சிவப்பு எழுத்தில், 'காரணமற்ற தாமதம். தேர்ச்சி இல்லை.'

"சார், அவர் நெற்றியைத் தொடைக்கிறார் சார்" என்றாள் அவள். குரலில் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "சும்மா ஒரு அழகுக்கு வச்சது. வேலை செய்யற இடம் மாதிரி தெரியணும்னு. புறங்கையால வேர்வையைத் தொடைக்கிறார், அவ்வளவுதான். நீங்க இன்னும் மூணு பெட்டி இறக்கியிருந்தா..."

குண்டு திரையை உற்றுப் பார்த்தார். ஆமாம், புறங்கையால் நெற்றியைத் துடைத்தால் உள்ளங்கை வெளியே பார்க்கத்தான் செய்யும். அப்படியும் இருக்கலாம். இப்படியும் இருக்கலாம்.

முடிவை உறுதிசெய்ய அவள் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. விரலைக் கொண்டுபோனாள். இன்னொரு தடவை அந்த ஆளைப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்த குண்டுவின் வாயில் வார்த்தை வருவதற்குள் கை மேலே போய்விட்டது. உள்ளங்கை வெளியே.

அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவருடைய கையைப் பார்த்தாள். திரையில் தூக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை வெளியே எடுத்தாள்.

"நிறுத்துன்னு யார் காட்டினாலும் நிறுத்தணும்னு நான்தான் எல்லாருக்கும் வகுப்பு எடுக்கிறேன்" என்றாள் மெதுவாக. "யாருன்னா, நிஜ ஆளா இருக்கணும்னு இதுல போடலை சார்."

"அப்ப நான் பாஸா மேடம்?"

"தெரியலை சார்."

இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. நான்கு அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். பாதுகாப்பு அதிகாரி, இந்த ஒரு ஆள்தான் சரியாகத் தேர்வு எழுதியிருக்கிறார் என்றாராம். கணினி அதிகாரி, படத்தில் இருக்கிற மரத்துக்கும் மரியாதை கொடுப்பாரா என்று கேட்டாராம். மைத்துனன் தினமும் ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தான்; ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசியில் மென்பொருள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அந்த ஆள் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியவர், போன மாதம் ஏதோ மாற்றம் செய்தபோது இரண்டு மீட்டர் முன்னால் வந்துவிட்டார், மன்னிக்கவும், சரிசெய்துவிட்டோம். குண்டுவுக்கு மறுதேர்வு.

மறுதேர்வில் பன்னிரண்டு பெட்டியும் இருபத்தெட்டு நிமிடத்தில் முடிந்தன. பச்சை எழுத்து வந்தது. அதிகாரிப் பெண் கையைக் குலுக்கினாள். குண்டுவுக்குச் சந்தோஷம்தான், கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனால் அவர் கண் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"அவர் எங்க மேடம்?"

"யாரு சார்?"

"நெற்றியைத் தொடைப்பாரே."

"ஓ, அவரா. அழிச்சிட்டாங்க சார்" என்றாள். "அவராலதானே கணக்கு கெட்டுப்போச்சு."

குண்டு கையெழுத்துப் போட்டார். பெயரின் பாதியில் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு மீதியை எழுதியது. தான் நின்றதால் அவரை எடுத்துவிட்டார்கள். நிற்காமல் பெட்டியை இறக்கியிருந்தால் அவர் இன்னும் அங்கேயே நின்று துடைத்துக்கொண்டிருப்பார். இதில் யார் யாரைக் காப்பாற்றியது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. வீட்டில் மனைவி இனிப்பு வாங்கி வைத்திருந்தாள். மைத்துனன் வந்து, குதூகலத்தில் அக்காவின் புதுக் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போனான். இத்தனைக்கும் நடுவே குண்டு மகளிடம், அந்தத் தொடரில் கடிகாரக்காரர் அடுத்த வாரம் திரும்பி வருவாரா என்று மட்டும் கேட்டார். அது தனிக் கதை, முடிந்துபோனது என்றாள் அவள்.

மறுநாள் காலையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நாற்காலியும் பிடியும் அதேதான். கடலும் அதே சாம்பல். வேலை வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவது பெட்டியை லாரிக்கு மேலே கொண்டுவந்தபோது, திரையில் நீலச் சட்டையும் தலைக்கவசமும் போட்ட ஓர் ஆள் லாரிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கினார்.

பெட்டி நின்றது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மச்சான், என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ கை தூக்கினியே."

"அட, வேர்வை மச்சான். தொடைச்சேன். வெயில் மண்டையைப் பிளக்குது. உங்களுக்கென்ன, ஏசியில உட்கார்ந்திருக்கீங்க."

குரல் அவனுடையதுதான். நக்கலும் அவனுடையதுதான். திரையில் முகம் தெரியவில்லை. பாஸாகிவிட்டோம், இது நிஜம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுவைத்தால் என்ன.

"மாப்ளே, நேத்து எங்க வீட்டுல எதை உடைச்ச?"

கொஞ்ச நேரம் இரைச்சல். "கண்ணாடி டம்ளர். அதுக்கா இப்ப பெட்டியைத் தொங்கவிட்டுட்டு விசாரணை பண்றீங்க? அக்கா சொல்லி அனுப்பிச்சாங்களா?"

குண்டுவுக்கு மூச்சு வந்தது. நேற்று ஞாபகம் இருக்கிறது, நிஜ ஆள்தான். பிடியில் கையை வைத்தார். கடிகாரக்காரருக்கும் நேற்று ஞாபகம் இருந்ததே என்பது அப்போதுதான் உறைத்தது.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு தொடை" என்றார்.

ஆள் முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனார். நன்றாகத் தாண்டிவிட்டாரா என்று குண்டு இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டியை இறக்கினார், எப்போதும் இறக்குவதைவிடக் கொஞ்சம் மெதுவாக.